கேட்காமல் வாங்கிய மெஷின்

நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன், அதைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் டீசல் இன்ஜின் கோளாறு என்று யாராவது வாயைத் திறந்தால், நாலு கடை சுற்றிவிட்டுக் கடைசியில் என் கடை வாசலுக்குத்தான் வருவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் எனக்குப் போதும். எந்த பேரிங் போகப் போகிறது, எத்தனை மாதத்தில் போகும் என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறமும் என்னிடம் வந்து, ஒரு தடவை நீங்க கேட்டுச் சொல்லுங்க சார் என்பார்கள். ஆஸ்டின் டவுனில் என் மூன்று மாடி வீடு இந்தக் காதால் கட்டியது. யாரும் எனக்கு ஒரு செங்கல்லை எடுத்துக் கொடுக்கவில்லை.

இவ்வளவு தெரிந்த நான் பார்த்து வாங்கிக் கொடுத்த மெஷின்தான் என் மச்சானின் வலது கையை எடுத்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். இதை நானே எழுதுவதுதான் சரி.

மச்சான் என் மனைவிக்கு ஒரே தம்பி. என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவன். எங்கள் கல்யாணத்தின்போது அவன் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆனேக்கல்லைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், அவர்கள் குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர் இருந்தது. முழுக்க மானாவாரி. ராகி போடுவான், ஓரத்தில் அவரையும் துவரையும் போடுவான். சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாம் நிலத்தை லேஅவுட்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று பக்கமும் கலர் அடித்த கற்கள் நட்டு, நடுவில் தார் ரோடு போட்டு, முகப்பில் வளைவு கட்டிவிட்டார்கள். இவன் நிலம் மட்டும் நடுவில் பச்சையாகக் கிடக்கும். வாரம் ஒரு கார் வந்து இவன் வீட்டு வாசலில் நிற்கும். இவன் காபி கொடுத்து அனுப்பிவிடுவான்.

விளைவிப்பதில் அவனுக்குக் கஷ்டமே இல்லை. அறுப்பதில்தான் எல்லாம் போனது. ஆள் கிடையாது. அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாம் அத்திபெலே பேக்டரிகளுக்கு வேன் ஏறிப் போய்விடுகிறார்கள். வாடகை மெஷின் வெளியூரிலிருந்து வர வேண்டும், அது பெரிய பண்ணைகளை முடித்துவிட்டு இவனிடம் வருவதற்குள் கார்த்திகை மழை முந்திக்கொள்ளும். இரண்டு வருடம் அப்படியே ஆனது. கதிரிலேயே முளை விட்டுவிட்டது. மூன்றாம் வருடம் அறுப்புக்கு முன்னால் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கையைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"இந்த வருஷமும் ராகி மழையில போச்சின்னா நெலத்த குடுத்துடறேன் மாமா. அதுக்கு மேல என்னால ஆவாது" என்றான்.

நான்தான் சொன்னேன், சொந்தமாக ஒரு பழைய அறுவடை மெஷின் வாங்கிவிடு என்று. உன் பன்னிரண்டு ஏக்கரை முதலில் அறு, பிறகு பக்கத்து ஊர்களுக்கு வாடகைக்கு ஓட்டு. புதுசுக்கு நீ எங்கே போவாய், பழசு போதும். பழசில் நல்லதைப் பொறுக்கத்தான் நான் இருக்கிறேனே. அவன் முகம் உடனே மாறிவிட்டது. நீங்க பாத்தா சரி மாமா என்று எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டான். என்னை நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு குஷி உண்டு. அன்றைக்கும் இருந்தது.

துமகூரு ரோட்டில் நெலமங்கலம் தாண்டி ஒரு பாய் யார்டு வைத்திருக்கிறார். பழைய டிராக்டர், ஜேசிபி, அறுவடை மெஷின் எல்லாம் அங்கே கிடக்கும். என்னைப் பல வருடமாகத் தெரியும். நானும் மச்சானும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். பதினைந்து இருபது மெஷின்கள் வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் டயரில் கொடி ஏறிக் கிடந்தது. நான் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். யார்டில் வேலை செய்கிறவர்கள் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கும், மறைக்க மாட்டேன்.

பாய் சிரித்துக்கொண்டே, "டாக்டர் மாதிரி பாக்குறீங்கண்ணா. ஃபீஸ் எவ்ளோ?" என்றார்.

"டாக்டர் தப்பா சொன்னாலும் ஃபீஸ் வாங்குவான் பாய். நான் தப்பா சொன்னதே கெடையாது" என்றேன்.

கடைசி வரிசையில் சுவரோரமாக, டயரில் ஓடுகிற அறுவடை மெஷின் ஒன்று தனியாக நின்றது. முன்பக்கம் முழுக்கக் காய்ந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு, மஞ்சள் துணி, தர்காவில் கொடுக்கிற பச்சை நூல் எல்லாம் கட்டித் தொங்கின. எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. பேட்டரி மாற்றிப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார்கள். காதை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரிசையில் அப்படி ஒரு இன்ஜின் இல்லை. பிரித்துப் புதுப்பித்து ஓவர்ஹால் பண்ணினதுக்கு அப்புறம் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது. சத்தம் தறி ஓடுகிற மாதிரி ஒரே சீராக இருந்தது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிற செல்ஃப் மோட்டார் மட்டும் கொஞ்சம் சோர்வு. அது சின்ன விஷயம்.

மச்சானைப் பின்பக்க டயர்களையும் தானியத் தொட்டியையும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அந்த நேரம் பார்த்துப் பாய் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்த வண்டி ஒரு ஆளை எடுத்துக்கிச்சு. டிரைவர், தர்மபுரி ஆளு. ரெண்டு வருஷமா நிக்குது. எங்க பொழப்புல இத சொல்லாம அட்வான்ஸ் கைல வாங்கக் கூடாது. அது எப்பிடின்னா..."

நான் கையமர்த்தினேன். "அதெல்லாம் வேணாம் பாய். கத வேணாம். வெலய மட்டும் அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லுங்க."

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆள் ஏற்றிக் கொன்ற லாரிகளிலிருந்து இன்ஜினை இறக்கி வேறு லாரிக்கு மாட்டியிருக்கிறேன். இரும்புக்கு என்ன தெரியும்? ஊரெல்லாம் பயந்து ஒதுக்கின சாமானை, பயப்படாதவன் பாதி விலைக்கு வாங்குவதுதான் நான் நாற்பது வருடமாகச் செய்து முன்னுக்கு வந்த வழி. பாய் சொன்னதும் எனக்குள் முதலில் வந்தது, ஆகா, விலை படியும் என்பதுதான். செத்தவன் எப்படிச் செத்தான் என்று என் வாயில் வரவே இல்லை. கேட்டால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

விலை படிந்தது. நான் நினைத்ததைவிடக் கீழே படிந்தது. பிறகு பாய், மச்சான் இருக்கும் பக்கம் பார்த்துக் கேட்டார். "அவருக்கு நீங்க சொல்லிருவீங்கல்ல?"

"நான் சொல்லிக்கிறேன். நீங்க எதுவும் பேசாதீங்க" என்றேன்.

சொல்லவில்லை. அவன் மனைவி கோயில் குளம் என்று இருக்கிறவள், தெரிந்தால் அந்த வண்டியை வாசலில் விடமாட்டாள். இவனும் பயந்துகொண்டே ஏறுவான். அப்புறம் இதை விட்டால் இந்த விலைக்கு இப்படி ஒரு இன்ஜின் கிடைக்காது. இப்படி எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார்டு ஆட்களை வைத்து எலுமிச்சம்பழம், துணி, நூல் எல்லாவற்றையும் அறுத்து எடுக்கச் சொன்னேன். மச்சான் திரும்பி வந்து எதுக்கு மாமா இவ்ளோ கட்டியிருக்காங்க என்று கேட்டான். எல்லா வண்டிக்கும் கட்டுவார்கள், இது நல்ல வண்டி என்பதால் கண் பட்டுவிடக் கூடாது என்று கொஞ்சம் அதிகம் கட்டியிருக்கிறார்கள் என்றேன். அவன் சிரித்தான். அன்றைக்குச் சாயந்திரமே லாரியில் ஏற்றி அனுப்பினோம்.

ஊரில் அந்த மெஷின் இறங்கியபோது இருந்த கூட்டத்தைச் சொல்ல வேண்டும். லேஅவுட்டில் வேலை செய்கிற மேஸ்திரிகள்கூட வந்து பார்த்தார்கள். மச்சான் எல்லோரிடமும், எங்க மாமா செலக்ஷன், இன்ஜின் மேல காது வெச்சாரு, முடிஞ்சிது என்று என்னைக் காட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கு டிராக்டர் ஓட்டி இருபது வருடப் பழக்கம். ஒரு டிரைவரை நாலு நாள் வைத்துக் கற்றுக்கொண்டு, அவனே ஓட்ட ஆரம்பித்தான்.

அறுப்பு தொடங்கிய அன்றைக்கு நானும் போயிருந்தேன். ராகி இடுப்பு உயரம், கதிர் எல்லாம் மடங்கிப் பழுப்பேறி நின்றது. மெஷின் அதற்குள் இறங்கிப் போனபோது அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நான் கிளம்பும்போது அவனைக் கூப்பிட்டு ஒன்று சொன்னேன்.

"காலையில ஸ்டார்ட் பண்ணா சாயந்தரம்தான் ஆஃப் பண்ணணும். நடுவுல ஆஃப் பண்ணாத. செல்ஃப் வீக்கா இருக்கு, காட்டு நடுவுல நின்னுட்டா தள்ள முடியாது. சீசன் முடியட்டும், மாத்திக்கலாம்."

அதுவும் நான் சொன்னதுதான். தொழிலில் எல்லோரும் சொல்கிறதுதான், நானாகக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அவனிடம் சொன்னது நான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கடையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருந்தேன். அவன் மனைவி போன் பண்ணினாள். அண்ணா, கை என்றாள்.  வேறு யாரோ போனை வாங்கிக் கன்னடத்தில் விவரம் சொன்னார்கள். பனி ஈரத்தில் ராகித் தாள் நனைந்து முன்பக்கத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது. இவன் இறங்கிப் போய்க் கையால் பிடுங்கியிருக்கிறான். கதிரை உள்ளே இழுக்கும் உருளை சுற்றிவிட்டது. லேஅவுட் மேஸ்திரிதான் ஓடி வந்து இன்ஜினை நிறுத்தி, துண்டால் கட்டி, தன் காரில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஓசூர் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி. நானும் என் மனைவியும் போவதற்குள் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போய்விட்டார்கள். மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் அளவு வரை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அவன் கண் விழித்துப் பேச ஆரம்பித்த பிறகு வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டரிடம், நர்ஸிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம்கூடச் சொன்னான். என்னிடமும் சொன்னான்.

"எறங்கறதுக்கு முன்னாடி உருளைய நிறுத்துற லீவர எடுத்தேன் மாமா. எடுத்த மாதிரிதான் இருக்குது. எடுத்தேனா இல்லியான்னு இப்ப சரியா தெரியல. எடுத்திருந்தா எப்பிடி சுத்தும்? நாந்தான் எடுக்கல போல."

அவன் மனைவி அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். என்ன அவசரம் உனக்கு, மழையா வந்துச்சு, ஒரு நிமிஷம் பாத்துட்டு எறங்குறதுக்கு என்னா என்று. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். என் தப்புதான் என்றான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடு மச்சான், நடந்தது நடந்துபோச்சு என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பது ஏக்கர் இன்னும் நின்றது. நன்றாக முற்றிய கதிர், தொட்டால் உதிரும். வானிலை அறிக்கையில் மழை சொல்லிவிட்டார்கள். வாடகை மெஷினுக்கு அலைந்தேன், பத்து நாளாகும் என்றார்கள். டிரைவர் இரண்டு பேரைப் பிடித்தேன், கை போன வண்டியா என்று கேட்டுவிட்டு வரவில்லை. என் பிள்ளைகளுக்கு ஆபீஸ் தவிர எதுவும் தெரியாது. அறுபத்தெட்டு வயதில் நானே ஏறுவது என்று முடிவு பண்ணினேன். என் மனைவி தடுத்தாள். நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் எத்தனை வண்டி ஓட்டியிருப்பேன், இது என்ன.

விடிந்ததும் போய்விட்டேன். மெஷின் அறுத்த வரிசையின் நடுவில் அப்படியே நின்றது. ரத்தம் தெரியாமல் இருக்க, அதன் கீழே மண்ணை யாரோ வெட்டிப் புரட்டிப் போட்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் நான் அந்த மெஷினை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். யார்டில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டதோடு சரி, பார்க்கவில்லை.

டிரைவர் சீட்டின் இடது பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். முன்னால் தள்ளினால் கத்தியும் உருளையும் ஓடும். பின்னால் இழுத்து, பக்கத்தில் இருக்கிற இரும்புத் தகட்டின் காடியில், அதாவது அதில் வெட்டியிருக்கிற சின்னப் பள்ளத்தில் மாட்டினால், உருளை நின்றுவிடும், இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நான் விரலை விட்டுத் தடவினேன். பள்ளத்தின் ஓரம் கூராக இருக்க வேண்டும். அது தேய்ந்து, சோப்புத் துண்டு மாதிரி உருண்டு வழவழவென்று இருந்தது. 

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். லீவரைப் பின்னால் இழுத்து மாட்டினேன். நன்றாகவே மாட்டியது, கையால் அசைத்துப் பார்த்தாலும் மாட்டியது போலத்தான் இருந்தது. உருளை நின்றிருந்தது. இறங்கிப் போய்த் தள்ளி நின்று எண்ண ஆரம்பித்தேன். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் லீவர் நடுங்கிக்கொண்டே இருந்தது. நூறைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தபோது டக்கென்று ஒரு சத்தம். லீவர் தானாக முன்னால் போனது. உருளை சுற்ற ஆரம்பித்தது. கத்தி வரிசை ஓடியது. மெஷின் மேல் யாரும் இல்லை.

மூன்று தடவை அதே மாதிரி செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அதே மாதிரி ஆனது. மச்சான் லீவரை எடுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான்.

வரப்பில் உட்கார்ந்து யார்டு பாய்க்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். யா அல்லா என்றார். தர்மபுரிக்காரன் எப்படிச் செத்தான் என்று அப்போதுதான் கேட்டேன்.

"இதே மாதிரிதான்ணா. தாள் எடுக்க கைய உட்டான். தோள் வரைக்கும் இழுத்துக்கிச்சு. பக்கத்துல ஆள் இல்ல, ரத்தம் போயே செத்துட்டான். லீவர எடுக்காம எறங்கிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. அவன் பொண்டாட்டியும் அதையேதான் சொல்லிட்டு அழுவுது." பிறகு அவரே மெல்லச் சொன்னார். "அன்னிக்கு இததான் சொல்ல வந்தேன். நீங்க கத வேணாம்னுட்டீங்க."

பயந்தவர்கள் எல்லாம் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பயப்படாத நான் அதை அறுத்துப் போட்டேன். இரண்டு கூட்டத்திலும் ஒருவனும் அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். எனக்கு அது தொழில். பாயிடம், அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவள் புருஷன்மேல் தப்பில்லை என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். சொன்னாரா என்று தெரியாது.

ஆனேக்கல்லில் ஒரு வெல்டிங் கடைக்கு அந்தத் தகட்டைக் கழற்றிக் கொண்டுபோய், தேய்ந்த இடத்தை வெல்டு வைத்து நிரப்பி, நானே அரம் போட்டு ஓரத்தைக் கூராக்கினேன். அரை மணி நேரம் ஆனது. வெல்டிங் கடைக்காரர் நான் அரம் பிடிக்கிற லாவகத்தைப் பார்த்து, ஏனு குரு என்று கன்னடத்தில் ஆரம்பித்து, கை ஓடுற ஓட்டத்த பாரு என்றார்.  திரும்பி வந்து மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ஆயிரம் வரை எண்ணினேன். லீவர் அசையவில்லை. அரை மணி நேர வேலை.

நாலு நாளில் ஒன்பது ஏக்கரையும் அறுத்தேன். தாள் அடைத்த ஒவ்வொரு தடவையும் இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் இறங்கினேன். செல்ஃப் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி மூட்டை வீட்டுக்குள் போன மறுநாள் மழை பிடித்தது. இந்த வயதில் வேறு ஒருவன் செய்திருக்க முடியாது. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது.

மச்சான் வீட்டுக்கு வந்த அன்றைக்குக் கூடம் நிறைய ஆட்கள். ராகி மூட்டைகள் சுவர் நெடுக அடுக்கியிருந்தன. அவன் மனைவி எல்லோர் முன்னாலும் என் காலைத் தொடக் குனிந்தாள்.

"அண்ணா மட்டும் இல்லன்னா எல்லாம் மண்ணோட மண்ணா போயிருக்கும். கூடப் பொறந்தவங்க கூட செய்ய மாட்டாங்க" என்றாள்.

வந்தவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். என்னைப் பற்றி நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு உடம்பே லேசாகிவிடும், அது என் சுபாவம். அன்றைக்கு அவள் தலை என் காலுக்குக் கீழே இருந்தபோது கால் எரிந்தது. மச்சான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, வந்த ஒருவரிடம் மறுபடியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எடுத்தேனா இல்லியான்னே தெரியலண்ணா. நாந்தான் எடுக்கல போல.

எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து லீவரைப் பற்றிச் சொன்னேன். காடி தேய்ந்திருந்தது, தானாக நழுவியது, மூன்று தடவை என் கண்ணால் பார்த்தேன், நீ எடுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாய் என்றேன். அவன் என்னையே பார்த்தான். முகம் கோணி, சத்தம் இல்லாமல் அழுதான். அந்த நாள் வரை அவன் அழுது நான் பார்க்கவில்லை.

"அப்ப நான் எடுத்தேன்" என்றான். தன் மனைவியைப் பார்த்து, "கேட்டியாடி? நான் எடுத்திருக்கேன்" என்றான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கும் பெயர் கெடாது. எழுந்துகூட விட்டேன். அப்போது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அவ்ளோ தேஞ்சிருந்தா இதுக்கு முன்னாடி ஓட்டுனவனுக்கும் நழுவியிருக்கணுமே மாமா. அவனுக்கு ஒண்ணும் ஆவலியா?"

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இன்ஜின் விஷயத்தில் எது கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும் என்று எப்போதும் கேட்பது போலத்தான் கேட்டான். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"ஆச்சு. செத்துட்டான்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வாங்கும்போதே. பாய் சொன்னாரு. நீ டயர் பாக்கப் போயிருந்த."

அவன் மனைவி கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள். மச்சான் கொஞ்ச நேரம் சுவரோரம் இருந்த மூட்டைகளைப் பார்த்தான்.

"எப்பிடிச் செத்தான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"அதக் கேட்டிருந்தா லீவரப் பாத்திருப்பீங்க."

"பாத்திருப்பேன்."

 அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்காமல் என் மனைவியிடம், அக்கா, மழை வர்றதுக்குள்ள கெளம்புங்க என்றாள்.  திரும்பும் வழியில் சில்க் போர்டு டிராபிக்கில் நின்றபோது என் மனைவி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல என்றாள்.

மெஷினை மச்சான் பாயிடமே திருப்பி அனுப்பிவிட்டான். நான் போய், காடியைச் சரி பண்ணியாகிவிட்டது, இனி அது சாதாரண வண்டிதான், ஆனால் வாங்குகிறவனிடம் இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிட்டு விற்கணும் என்று பாயிடம் சொன்னேன். இப்போது யார் யாருக்குப் புத்தி சொல்வது என்று அவர் நினைத்திருப்பார். சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

தை முடிவதற்குள் நிலம் கைமாறியது. ஒரு கையால் ஏர் பூட்டவும் முடியாது, மூட்டை தூக்கவும் முடியாது. லேஅவுட் கார் மறுபடி வந்தபோது அவனே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தானாம். அந்த நிலத்தில் என் மனைவிக்கும் பாகம் உண்டு என்பதால் அவளும் பத்திரப் பதிவு ஆபீசுக்கு வர வேண்டியிருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் நான்.

ஆபீஸ் வராந்தாவில் நாங்கள் நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மச்சான் ஒரு ஓரம், நான் மறு ஓரம். உடம்பு இளைத்திருந்தான். முழுக்கைச் சட்டை போட்டு, சட்டையின் வலது கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தான். டோக்கன் வருவதற்கு வெகுநேரம் ஆனது. அக்காவிடம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினான், வீடு பார்த்திருப்பதைப் பற்றிப் பேசினான். என்னிடம் கோபமாகக்கூட எதுவும் பேசவில்லை. அவனுக்கு அங்கே நான் இல்லை, அவ்வளவுதான்.

வெயில் ஏறியதும் அவனுக்குத் தாகம் எடுத்தது. புது வாட்டர் பாட்டில் ஒன்றை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைத் திருகினான். சீல் உடையவில்லை. பாட்டில் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அவன் மனைவி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள், என் மனைவி பேப்பரில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அவன் முன்னால் கையை நீட்டினேன். இரும்பு நட்டுகளைத் திருகிக் காய்த்துப்போன கை, அந்த மூடி எனக்கு ஒரு விஷயமே இல்லை.

அவன் என் கையைப் பார்த்தான். பாட்டிலை எடுத்து, என் கையைத் தாண்டி என் மனைவி பக்கம் நீட்டி, "அக்கா, இத தொறந்து குடு" என்றான்.